கால்மாட்டில் நிற்பவர்

10 ஜூன் 2024, திங்கள்

சென்னையில் நான் பணிபுரியும் மருத்துவமனையில், இதயம் நின்றுபோன நோயாளியை மீட்பதற்கான ஒத்திகைகளை நடத்தும் பொறுப்பு இப்போது என்னிடம் இருக்கிறது. குழுத் தலைவர் கட்டிலின் கால்மாட்டில் நின்று, தம் கையால் எதையும் செய்யாமல், மானிட்டரையும் கடிகாரத்தையும் ஆட்களையும் ஒருசேரக் கவனிக்க வேண்டும் என்பது முதல் பாடம். கைத்திறன் மிகுந்தவர்களுக்கே அது கடினமாக இருக்கிறது. இன்று தலைமை ஏற்ற மூத்த மருத்துவர், நோயாளிக்குப் பதிலாக வைத்திருந்த பயிற்சிப் பொம்மையின் நெஞ்சைத் தாமே அழுத்தத் தொடங்கிவிட்டார். நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்தில், குறை சொல்ல முடியாத அழுத்தம். ஆனால் அவர் குனிந்திருந்த நேரத்தில் இதயத்தைத் தூண்டும் மருந்தான அட்ரினலின் போட்டாயிற்றா என்று கேட்கவோ, 2 நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்துபவரை மாற்றச் சொல்லவோ ஆளில்லை.

12 ஜூன், புதன்

ஆவடி செல்லும் மின்சார ரயிலில் உடன் வந்த இளைய செவிலியர், திங்களன்று அழுத்துபவரை மாற்றும் நேரம் கடந்ததைத் தாம் கவனித்ததாகச் சொன்னார். "தெரிந்தாலும் பெரிய டாக்டரிடம் எப்படி அக்கா சொல்வது?" என்றார்.

1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரிஃப் தீவு விமான நிலையத்தில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்ததை அவருக்குச் சொன்னேன். எதிரே இருந்த விமானம் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று, புறப்பட ஓடத் தொடங்கியிருந்த கே.எல்.எம். என்ற டச்சு நிறுவன விமானத்தின் பொறியாளர் கேட்டார். பெயர்பெற்ற பயிற்சியாளரான கேப்டன் விலகிவிட்டது என்று உறுதியாகச் சொல்லவே, பேச்சு அத்துடன் நின்றது. விமானக் குழுக்களுக்கான கூட்டுப் பயிற்சி வளர்ந்ததற்கு இத்தகைய விபத்துகளே காரணம். 2008இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலும், கத்தி வைக்கும் முன் ஒவ்வொருவரும் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்கிறது. இளையவரிடம் துணிச்சலை எதிர்பார்ப்பதைவிட, பேச்சைத் தொடங்கிவைக்கும் கடமையை மூத்தவரிடம் வைப்பதே நியாயம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

18 ஜூன், செவ்வாய்

அதே மருத்துவர் இன்று கால்மாட்டிலேயே நின்றார். "நான் எதையாவது விட்டுவிட்டால் உடனே சொல்லுங்கள்" என்று தொடங்கி, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிப் பணித்தார். "அட்ரினலின் 1 மில்லிகிராம் போட்டாயிற்று, சார்" என்ற பதில் உரக்க வந்தது. 2 நிமிடம் ஆனதை அந்த இளைய செவிலியரே அறிவித்தார்.

ஆனால் நடுவில் நான்கைந்து பேர் ஒரே சமயத்தில் யோசனை சொல்ல, மின்னதிர்ச்சி கொடுப்பது தாமதப்பட்டது. கண்டதைச் சொல்லும் உரிமை எல்லோருக்கும் வேண்டும், உத்தரவு மட்டும் ஒரே வாயிலிருந்து வர வேண்டும் என்று ஒத்திகை முடிந்ததும் பேசி முடிவு செய்தோம். அடுத்த முறை அந்தச் செவிலியர் தலைமை ஏற்பார். நெஞ்சை அழுத்தும் வேலையை மருத்துவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.