பள்ளி மனநல ஆய்வுக்கு வர நினைப்பவர்களுக்கு

உளவியலில் முதுகலை முடித்தவர்கள், சமூகப்பணி படித்தவர்கள், சில ஆண்டுகள் ஆசிரியராக இருந்துவிட்டு ஆய்வுப் பக்கம் வர ஆசைப்படுகிறவர்கள் எனப் பலரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: பள்ளி மனநலத்தில் பிஎச்டி செய்தால் எதிர்காலம் உண்டா? உண்டு. ஆனால் குழந்தையின் மனதைப் படிக்கச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது பள்ளிக்கூடம் எப்படி இயங்குகிறது என்பதைப் படிக்கவும் செலவிடத் தயாராக வேண்டும். நான் மதிக்கிற ஆய்வுகள் எல்லாம் அப்படிச் செய்தவர்களிடமிருந்து வந்தவை.

ஆய்வு முன்மொழிவின் முதல் பத்தியை எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம். ரொனால்ட் கெஸ்லர் குழு அமெரிக்காவில் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வைக் காட்டி, வாழ்நாளில் வரும் மனநலக் கோளாறுகளில் பாதி 14 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன, ஆகவே பள்ளியே சரியான இடம் என்போம். விஷயம் அடுத்த பத்தியில்தான் இருக்கிறது. மனநலத் திட்டத்தைப் பள்ளியில் யார் நடத்தப் போகிறார்கள், எந்தப் பீரியடில், எந்த அறையில், வேறு எந்த வேலையை ஒதுக்கிவிட்டு?

இதைத் தெரிந்துகொள்ள, முதல் ஆண்டில் எந்தக் கேள்வித்தாளும் இல்லாமல் ஒரு பள்ளியில் போய் உட்காருங்கள். திட்டத்தின் கையேட்டில் ஓர் அமர்வு 45 நிமிடம் என்று இருக்கும். முந்தைய வகுப்பிலிருந்து மாணவர்கள் வந்து சேர்ந்து, வருகைப் பதிவு எடுத்து, நாற்காலிகளை வட்டமாகப் போட்டு முடிக்கும்போது மிஞ்சுவது 30 நிமிடம். நேரம் போதாதபோது ஆசிரியர் எதை விடுகிறார் என்று கவனியுங்கள். விளக்கிச் சொல்லும் பகுதியை விடமாட்டார், அது அவருக்குப் பழகியது. மாணவர்கள் நடித்துப் பார்க்கும் பயிற்சியும் கடைசிக் கலந்துரையாடலும்தான் போகும். பல திட்டங்களின் உயிர் அந்த இரண்டில்தான் இருக்கிறது. ஒவ்வொரு அமர்விலும் என்ன நடந்தது, என்ன விடுபட்டது என்று குறித்துவைத்திருந்தால், முடிவு எதிர்பார்த்தபடி வராதபோது காரணம் சொல்ல உங்களிடம் ஏதாவது இருக்கும்.

பீகாரில் 74 பள்ளிகளில் நடந்த சேஹர் ஆய்வைக் கட்டாயம் படியுங்கள். 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் ஆசிரியர்கள் நடத்தினார்கள், சிலவற்றில் அதற்கென்றே நியமித்துப் பயிற்சி கொடுத்த ஆலோசகர்கள் நடத்தினார்கள். இந்த ஆலோசகர்கள் மனநல நிபுணர்கள் அல்லர். அவர்கள் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டது, மாணவர்களிடம் மனச்சோர்வும் சக மாணவர்களின் சீண்டலும் குறைந்தன. ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளில் சொல்லத்தக்க பலன் இல்லை. ஆசிரியர்களைக் குறை சொல்ல இந்த முடிவை எடுத்துக்கொள்வது அநியாயம். முழுப் பாடச்சுமை இருக்கிற ஒருவரிடம் இன்னொரு வேலையையும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் நான் இதில் பார்க்கிறேன். இன்னும் நூறு ஆய்வேடுகளுக்கு இடம் இருக்கிற கேள்வி அது.

புள்ளியியலில் பலநிலை மாதிரிகளை, அதாவது மாணவர்கள் பள்ளிகளுக்குள் குழுக்களாக இருப்பதைக் கணக்கில் எடுக்கும் முறைகளை, சீக்கிரமே கற்றுக்கொள்ளுங்கள். 20 பள்ளிகள், பள்ளிக்கு 50 பேர், மொத்தம் 1000 மாணவர்கள் என்று கேட்கப் பெரிதாக இருக்கும். ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஓரளவு ஒருவரைப் போல ஒருவர் இருப்பார்கள். அந்த ஒப்புமையைக் காட்டும் ஐசிசி என்ற எண் வெறும் 0.05 என்றாலும், மாணவர் எண்ணிக்கையை எத்தனையால் வகுக்க வேண்டும் என்பதற்கான கணக்கு 1 + (50 − 1) × 0.05 = 3.45. ஆயிரத்தை அதால் வகுத்தால் 290. அதாவது, தனித்தனியாகத் தேர்ந்தெடுத்த 290 பேர் தரும் அளவு தகவலே உங்கள் கையில் இருக்கும். பள்ளிக்கு 100 பேராக உயர்த்துவதைவிட இன்னும் சில பள்ளிகளைச் சேர்ப்பதே பலன் தரும். ஒவ்வொரு பள்ளியும் ஒரு புது அனுமதி, ஒரு புதுத் தலைமையாசிரியர் என்பதால் இந்தக் கணக்கைத் தலைப்பு முடிவாவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

அடுத்தது காலம். டனுட்டா வாசர்மன் தலைமையில் 10 ஐரோப்பிய நாடுகளில், 168 பள்ளிகளில், 11,110 மாணவர்களோடு நடந்த சேயில் ஆய்வு 2015இல் வெளியானது. மாணவர்களோடு நேரடியாகப் பேசிப் பழக்கும் யாம் திட்டம் தற்கொலை முயற்சிகளைக் குறைத்தது என்று இன்று எல்லோரும் எடுத்துக்காட்டும் முடிவு அதிலிருந்து வந்ததுதான். அந்த வித்தியாசம் 12ஆம் மாதத்தில் தெரிந்தது, 3ஆம் மாதத்தில் தெரியவில்லை. பிஎச்டி மாணவருக்கு இருக்கும் பெரிய ஆசை, சீக்கிரம் அளந்து சீக்கிரம் எழுதிவிடுவது. தேர்வு மாதங்களும் விடுமுறையும் போக ஒரு கல்வியாண்டில் கிடைக்கும் நாட்கள் குறைவுதான். ஆகவே பிஎச்டியில் சேர்ந்தவுடனே அறநெறிக் குழுவின் அனுமதி, பள்ளியின் அனுமதி இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள், காத்திருக்கும் மாதங்களில் முந்தைய ஆய்வுகளை முறையாகத் தேடித் தொகுக்கும் இலக்கிய மீளாய்வை முடித்து முதல் கட்டுரையாக்குங்கள். இரண்டாம் ஆண்டில் களம், மூன்றாம் ஆண்டில் ஓராண்டு பின்தொடர்தல் என்று வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம்.

இனிச் சொல்வதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கேள்வித்தாளில் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது பற்றிய ஒரு வரி இருந்தால், வாங்கிய படிவங்கள் அத்தனையிலும் அந்த வரியைப் பள்ளியை விட்டுக் கிளம்புவதற்கு முன் பார்த்துவிட வேண்டும். கட்டி எடுத்துப்போய் அடுத்த வாரம் கணினியில் ஏற்றும்போது பார்ப்பது ஆய்வு ஆகாது. "ஆம்" என்று குறித்த பிள்ளையிடம் அன்றே யார் பேசுவது, பெற்றோரிடம் யார் சொல்வது, எந்த மருத்துவரிடம் அனுப்புவது என்பது பெயர், தொலைபேசி எண்ணோடு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். ரகசியம் காப்போம் என்று மாணவர்களிடம் சொல்லும்போதே அதன் எல்லையையும் சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் அதைப் புரிந்துகொள்வார்கள்.

பலன் இல்லை என்று முடிவு வந்தால் வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறவர்கள் மிரியட் ஆய்வைப் பாருங்கள். பிரிட்டனில் 85 பள்ளிகளில் மனமுழுமைப் பயிற்சியை (மைண்ட்ஃபுல்னஸ்) சோதித்தார்கள். சமூக, உணர்வுத் திறன்களைக் கற்பிக்கும் வழக்கமான கல்வியைவிட அது மேலாக இல்லை என்று 2022இல் வெளிப்படையாக எழுதினார்கள். துறை அதனால் முன்னேறியது. ஆய்வுத் திட்டத்தை முன்கூட்டியே பதிவு செய்திருந்தால், அப்படி எழுதும் தைரியம் தானாக வரும்.

எந்தத் துறையில் சேர்வது என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. உளவியல், கல்வியியல், பொதுச் சுகாதாரம், சமூகப்பணி என நான்கிலும் இந்த ஆய்வு நடக்கிறது. பிற்பாடு விரிவுரையாளர் வேலைக்கு எந்தத் துறையில் விண்ணப்பிப்பீர்களோ அங்கேயே பட்டம் வாங்குவது நல்லது, இணை நெறியாளரை வேறு துறையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். நெறியாளரை முடிவு செய்வதற்கு முன் அவருடைய மாணவர்களிடம் தனியாகப் பேசுங்கள். தலைமையாசிரியர்களைச் சந்திக்க அவரும் வருவாரா, களத்தில் ஒரு பிள்ளையைப் பற்றிக் கவலை வந்தால் அன்று மாலை போனை எடுப்பாரா, ஆய்வு முடிந்த பிறகு பள்ளிகளுக்கு முடிவுகளைக் கொண்டுபோய்ச் சொன்னாரா என்று கேளுங்கள். அவருடைய கட்டுரைப் பட்டியலை அதற்குப் பிறகு பார்க்கலாம்.