பின்பக்கத்துக் கூட்டல்

உறையிலிருந்து எடுத்துத் திருப்பியபோதுதான் கவனித்தேன். அந்தப் பழைய ஜெர்மானியப் பணநோட்டின் பின்பக்கத்தில் அச்சே இல்லை. அங்கே யாரோ பென்சிலால் ஒரு கூட்டல் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்.

முன்பக்கத்தில் ஊரின் பெயர், ஒரு கையெழுத்து, 1923 என்ற ஆண்டு, ஒரு கோடி மார்க் என்னும் தொகை. அவ்வளவுதான்.

அந்த ஆண்டில் பணத்தின் மதிப்பு சரிந்துகொண்டே போக, மத்திய வங்கியான ரைக்ஸ்பாங்க் இடைவிடாமல் அச்சடித்தும் பணம் போதாமல், சம்பளம் கொடுக்க வழியின்றி, ஜெர்மானிய நகராட்சிகளும் ஆலைகளும் தாங்களே ‘நோட்கெல்ட்’ எனப்படும் அவசரகால நோட்டுகளை அச்சிட்டுக்கொண்டன. பல ஊர்கள் மறுபக்கத்தை அச்சிடாமலே விட்டன; சில ஊர்கள் பழைய நோட்டின் மேலேயே புதுத் தொகையை அச்சிட்டன.

சேகரிப்பாளர்கள் பலர் விரும்புவது 1921, 1922ஆம் ஆண்டுகளில் அவர்களுக்காகவே அச்சான வண்ணத் தொடர்களையும், பீலெஃபெல்ட் நகரச் சேமிப்பு வங்கி பட்டுத் துணியில் வெளியிட்ட நோட்டுகளையும்தான். ஹாமெலின் நகர நோட்டில், அவ்வூர்ப் பழங்கதையில் எலிகளை அழைத்துச் சென்ற குழலூதியே நிற்கிறான். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வண்ணத் தொடர்களில் பெரும்பாலானவை எந்தக் கடைக்கும் போய்வராமல் நேராக ஆல்பத்துக்குள் புகுந்தவை.

என்னுடைய நோட்டு கைமாறிக் கசங்கியது. 1923 நவம்பரில் ஒரு டாலரின் விலை 4.2 லட்சம் கோடி மார்க். அதற்கு இதைப் போல 4,20,000 நோட்டுகளை எண்ணி வைத்திருக்க வேண்டும்.

பென்சில் கணக்கின் கடைசி வரியில் இரண்டு சுழியங்களை அடித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறார். ரொட்டிக் கணக்கா, வாடகைக் கணக்கா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.