சுங்கை சிப்புட்டில் பெரியம்மாவின் தகரப் பெட்டி

கோலாலம்பூர் சென்ட்ரலில் இ.டி.எஸ். மின்சார ரயில் ஏறும்போது என் கையில் இரண்டு பைகள். ஒன்றில் மாற்றுத் துணி. இன்னொன்றில் பெரியம்மா கேட்டிருந்த சாமான்: சிவப்பு எம்பிராய்டரி நூல் நான்கு சிட்டம், பச்சை இரண்டு, வெள்ளைப் பருத்தி நூல்கண்டு ஒன்று, காது பெரிதாக உள்ள ஊசி ஒரு பாக்கெட். “கேக் எல்லாம் வேணாம்மா, நூலை மட்டும் மறந்துடாதே” என்று போனில் மூன்று தடவை சொல்லியிருந்தார்.

ஈப்போ தாண்டியதும் சுண்ணாம்புக் குன்றுகள். அப்புறம் செம்பனை, செம்பனை, செம்பனை. எல்லா ரயிலும் சுங்கை சிப்புட்டில் நிற்பதில்லை, பார்த்து டிக்கெட் எடுக்க வேண்டும். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. பெரியம்மாவின் மகன் காரோடு வந்து காத்திருந்தார். “பசியாறிட்டியா?” என்றார். இல்லை என்றேன். ஸ்டேஷனிலிருந்து நேராக ரொட்டி சானாய்க் கடைக்குப் போய்விட்டு வீட்டுக்குப் போனோம்.

சுங்கை சிப்புட் என்றால் மலாயில் நத்தை ஆறு. 1948 ஜூன் 16ஆம் தேதி இந்த வட்டார ரப்பர்த் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையடுத்து வந்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. எங்கள் குடும்பத்துக்கு அந்த வரலாறு ஒரு கிறிஸ்துமஸ் கதையாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. இருட்டிய பிறகு தோட்டத்தை விட்டு வெளியே போக முடியாது. பட்டணத்து மாதா கோயிலுக்கு நள்ளிரவுப் பூசை பார்க்கப் போக வழியில்லை. அதனால் பாட்டி லயத்து வீட்டுக்குள்ளேயே, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுக்குள்ளேயே, குடில் வைத்தார். மண்ணெண்ணெய் டின்னில் மணலை நிரப்பிச் சவுக்குக் கிளை ஒன்றை நட்டார். அக்கம்பக்கத்தார் வந்து அதன் முன்னால் உட்கார்ந்து செபமாலை சொன்னார்களாம். கட்டுப்பாடு எடுத்த பிறகும் வீட்டில் குடில் வைப்பது நிற்கவே இல்லை.

அந்தக் குடில் சாமான் எல்லாம் இருப்பது ஒரு தகரப் பெட்டியில். நாகப்பட்டினத்திலிருந்து ரஜுலா கப்பலில் பினாங்கு வந்து இறங்கியபோது தாத்தா தூக்கி வந்த பெட்டி அது. தோட்டத்து லயத்திலிருந்து இந்தத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு மாறியபோது எத்தனையோ சாமான்கள் விடுபட்டுப் போயின. பெட்டி வந்துவிட்டது.

பெரியம்மாவுக்கு எழுபத்தைந்தை நெருங்குகிறது. பெட்டியைத் திறக்கும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். திறந்ததும் அந்துருண்டை, கிராம்பு, காய்ந்த வேப்பிலை மூன்றும் கலந்த வாசம். உள்ளே துணிகள் எதுவும் மடித்து வைக்கப்படவில்லை. எல்லாம் மூங்கில் குழாயில் சுருட்டி, மேலே பழைய வேட்டித் துணி சுற்றியிருந்தது. மடித்தால் வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் நூல் இற்றுப் போகும் என்றார்.

முதலில் வெளியே வந்தவை குரோஷே நட்சத்திரங்கள். முப்பத்தொன்று. பாட்டி பின்னியவை. அவர் ரப்பர்ப் பால் வெட்டப் போவதற்கு முன்பு கொஞ்ச காலம் பங்களாவில் ஆயாவாக இருந்தார். துரைசாணி மாலையில் வராந்தாவில் உட்கார்ந்து பின்னுவதைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாராம். கொக்கி ஊசி வாங்கக் காசில்லாமல், தேய்ந்த சைக்கிள் கம்பியை ராவித் தாத்தா ஒன்று செய்து கொடுத்திருக்கிறார். அந்த ஊசி இன்னும் மைலோ டின்னுக்குள் இருக்கிறது. கையில் எடுத்துப் பார்த்தேன். பிடிக்கும் இடம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது.

நட்சத்திரங்கள் துவண்டு கிடந்தன. வடித்த கஞ்சியில் முக்கி, மெழுகுத்தாள் போட்ட பலகையில் ஒவ்வொரு முனையையும் குண்டூசியால் இழுத்துக் குத்திக் காயவைக்க வேண்டும். மழை நாளில் காற்றாடியைப் போட்டாலும் ஒரு ராத்திரி ஆகிறது. சிலர் சீனிப்பாகில் முக்குவார்கள். நட்சத்திரம் கண்ணாடி போல விறைத்து நிற்கும், ஆனால் இந்த ஊர் எறும்புக்கு அது விருந்து. கஞ்சியிலும் ஒரு சங்கடம் உண்டு. கஞ்சியோடு எடுத்து வைத்தால் வெள்ளிப்பூச்சி வந்து நூலோடு சேர்த்து அரிக்கும். ஆகவே திருநாள் முடிந்ததும் பெரியம்மா முப்பத்தொன்றையும் அலசி, கஞ்சி போக்கி, காயவைத்துத்தான் பெட்டிக்குள் வைப்பார். ஒவ்வொரு டிசம்பரும் திரும்ப முதலிலிருந்து. கடையில் ஒரு பாக்கெட் நட்சத்திரம் பத்து வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) கிடைக்கும்தான். எனக்கு அந்த ஒரு ராத்திரி முழுக்கக் குண்டூசி குத்திக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது பிடித்திருந்தது.

அடுத்தது என் அம்மா கல்யாணத்துக்கு முன்பு தைத்த மூன்று ராஜாக்கள் படம். கிராஸ் ஸ்டிச். அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள துணி, பத்துக்கு எட்டு அங்குலம், துளி இடம் விடாமல் இரவு வானம் முழுக்க நீலம். மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 140ஐ 112ஆல் பெருக்கினால் 15,680 கட்டம். ஒரு கட்டத்துக்கு இரண்டு தையல். அம்மா இந்த வீட்டைப் பற்றி எவ்வளவோ சொல்லியிருக்கிறார், இந்தப் படத்தைப் பற்றி மட்டும் பேசியதே இல்லை. “அவளுக்கு அப்ப கிராணி வீட்டுல தையல் சொல்லிக் குடுத்தாங்க. ஆறிழை நூலைப் பிரிச்சு ரெண்டு ரெண்டாத்தான் கோப்பா. மிச்சத்த யாருக்கும் தரமாட்டா” என்று பெரியம்மா சிரித்தார். கிராணி என்றால் தோட்டத்து எழுத்தர். ஒட்டகத்தின் கால் ஓரத்தில் நீலம் விட்டுப் போயிருந்தது. நான் கொண்டு போன நூலில் அந்த நிறம் இல்லை. பெரியம்மா மைலோ டின்னைக் கிளறி அதே நீலத்தில் ஒரு முழ நூலை எடுத்தார். அம்மா யாருக்கும் தராமல் வைத்திருந்த மிச்சமேதான்.

சுரூபங்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்காது. ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருநாளுக்குப் போகும்போதெல்லாம் அங்குள்ள கடைகளில் ஒரு சுரூபம் வாங்குவது வழக்கம். ஒரு வருடம் மாடு, ஒரு வருடம் இடையன். கையில் இருந்த காசுக்குக் கிடைத்த அளவு. அதனால் எங்கள் குடிலில் ஆட்டுக்குட்டி சூசையப்பர் இடுப்பு வரை நிற்கும். எனக்கு அப்படிப் பார்த்துத்தான் பழக்கம். ஒரே அளவுச் சுரூபங்கள் உள்ள குடிலைப் பார்த்தால் அந்நியமாக இருக்கிறது.

குடிலுக்குப் பச்சை வேண்டுமென்றால் செம்பனைத் தோட்டத்துக்குத்தான் போக வேண்டும். பனைமரத் தண்டில் மட்டை வெட்டிய அடிகளுக்கு இடையில் பெரணி மண்டி வளர்ந்து தொங்கும். நானும் அண்ணனும் ஒரு சாக்கு நிறையப் பறித்து வந்தோம். 1990களில் பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, எல்லாம் சாய்த்துச் செம்பனை நட்ட தோட்டம் அது. லயம் இருந்த இடத்தை அண்ணன் காட்டினார். ஒரு கொய்யா மரம் மட்டும் நிற்கிறது.

பால்மர இலைக்கும் எங்கள் குடிலில் இடம் உண்டு. பிப்ரவரி, மார்ச்சில் மரம் இலை உதிர்க்கும்போது பெரியம்மா கோலகங்சார் பக்கம் ஒரு சிறுதோட்டத்துக்காரரிடமிருந்து இலை வாங்கி வரச் சொல்வார். வாளித் தண்ணீரில் சில வாரம் ஊறப் போட வேண்டும். நாற்றம் தாங்காது. சதை அழுகியதும் பழைய பல் தேய்க்கும் பிரஷால் மெல்லத் தட்டித் தேய்த்தால் நரம்பு வலை மட்டும் மிஞ்சும். அதை மடித்துச் சம்மனசின் (தேவதூதரின்) சிறகு செய்வார், உடம்புக்குக் குரோஷே. 1877இல் சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர்க் கன்றுகளில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. அதில் ஒன்று இன்னும் நிற்கிறது. அண்ணன் என்னை அழைத்துப் போய்க் காட்டினார். மழையில் குடையோடு அதன் முன்னால் நின்றபோது எனக்குப் பாட்டியின் கைதான் ஞாபகம் வந்தது. அறுபது வயதிலும் விரல் இடுக்கில் பால் கறை போகாத கை. அந்தக் கையால்தான் அவ்வளவு வெள்ளையாகப் பின்னியிருக்கிறார்.

கடைசியாக மேசைத் துணி. இதற்காகத்தான் சிவப்பு நூல் நான்கு சிட்டம்.

கோதுமை மாவு சாக்கு நான்கை வெளுத்து இணைத்துப் பாட்டி செய்த துணி. 1971இல் பெரியம்மா ஒரு வழக்கம் ஆரம்பித்தார். கிறிஸ்துமஸ் அன்று வீட்டுக்கு வருகிறவர்கள் துணியில் பென்சிலால் பெயர் எழுத வேண்டும். பிறகு அவர் அதன் மேல் சிவப்பு நூலில் காம்புத் தையல் போடுவார். தமிழ், மலாய், சீனம், மலாயை அரபு எழுத்தில் எழுதும் ஜாவி எல்லாம் இருக்கிறது. சீன எழுத்தில் எந்தக் கோடு முதலில் வர வேண்டும் என்று மளிகைக்கடை அம்மாவிடம் கேட்டுக் கேட்டுத் தைத்தாராம். பெயர் எழுதியவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. தாத்தாவுக்கு எழுதத் தெரியாது. அவர் பெயர் இருக்கும் இடத்தில் ரப்பர்ப் பால் பிடிக்கும் மங்கு ஒன்று தைத்திருக்கிறது.

அந்த மங்குக்குப் பக்கத்தில் என்னால் வந்த ஒரு கறையும் உண்டு. கல்லூரியில் படித்தபோது, உதவி செய்கிறேன் என்று அந்தத் துணியை வெந்நீரில் போட்டுவிட்டேன். சிவப்பு இறங்கிவிட்டது. பயந்து போய் அப்படியே கொடியில் உலர்த்தினேன், அதுதான் பெரிய தப்பு. சாயம் இறங்கிய துணியைக் காயவே விடக் கூடாது. குளிர்ந்த தண்ணீரில் போட்டு, நிறம் நிற்கும் வரை தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். புது நூல் வாங்கினால் முதலில் நனைத்த வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்க்க வேண்டும். பெரியம்மா அன்று என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்த வருடம் வந்து பார்த்தபோது கறையைச் சுற்றி ஐந்து இதழ் தைத்துச் செம்பருத்தி ஆக்கியிருந்தார். இந்த முறையும் துணியை விரித்ததும் என் கண் அங்கேதான் போனது.

இருபத்தைந்தாம் தேதி சொல்ல வேண்டுமா? நள்ளிரவுப் பூசை முடிந்து வந்து பாலன் இயேசுவைப் பெரியம்மா குடிலில் வைத்தார். விடிந்ததும் இட்லி, ஆட்டுக் குழம்பு, அச்சு முறுக்கு. மதியத்திலிருந்து சாயங்காலம் வரை ஆட்கள். பக்கத்து வீட்டு மாக்சிக் (மலாய் அம்மா) பேரப்பிள்ளையோடு வந்தார், பேரன் பெயரை அவனே எழுத வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, மூன்று எழுத்துக்கு ஒரு சாண் இடத்தை எடுத்துக்கொண்டான். ராத்திரி எண்ணிப் பார்த்தோம். பன்னிரண்டு புதுப் பெயர்.

பெரியம்மாவுக்குத் தையல் இன்னும் கைக்குப் பிசகவில்லை. கண்ணில் புரை வளர்கிறது, அடுத்த மாதம் ஆபரேஷன். ஊசிக் காதில் நூல் கோர்க்கத்தான் முடியவில்லை. மறுநாள் காலை பையைக் கட்டிவிட்டு வெளிச்சத்தில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு ஊசியில் சிவப்பு நூல் கோர்த்து வரிசையாகப் பஞ்சு மெத்தையில் குத்தி வைத்தேன். மூன்று ராஜாக்கள் திருநாளுக்குப் பதினொரு நாள் இருந்தது.

“இன்னும் ரெண்டு கோத்து வை, லா. ஒன்ன எங்கயாச்சும் தொலைச்சிடுவேன்” என்றார். கோர்த்து வைத்தேன். வெளியே அண்ணன் காரைக் கிளப்பிவிட்டார்.