பிஹெச்டியில ரெண்டு வருஷத்த முழுங்கின ஒரு ஃபிளாஸ்க்

போன வாரம் வைவா (பிஹெச்டியோட கடைசி வாய்மொழித் தேர்வு) முடிஞ்சுது. செல் பயாலஜியில சேர்ந்து ஆறு வருஷம் ஆச்சு, நாலுல முடிச்சிருக்கலாம். அந்த ரெண்டு வருஷம் எங்க போச்சுங்கிறது இன்னும் மனசுல ஆறல, அதான் எழுதுறேன்.

அட்மிஷன், கோர்ஸ் ஒர்க் எல்லாம் தடங்கல் இல்லாம போச்சு. கல்லீரல் செல்லுக்குள்ள சேர்ற கொழுப்புத் துளிய ஆட்டோஃபேஜி, அதாவது செல் தனக்குள்ள இருக்கிறதத் தானே செரிக்கிற வேலை, எப்படிக் கரைக்குதுங்கிறதுதான் என் டாபிக். பக்கத்து லேப் சீனியர் அக்கா "சாங் லிவர்"னு ஒரு ஃபிளாஸ்க் செல்ல, கல்லீரல் செல்னு சொல்லிக் குடுத்தாங்க. மேல பேரும் தேதியும் மட்டும்தான், எங்கேருந்து வாங்கினது, எத்தனாவது பாஸேஜ் (எத்தன தடவ பிரிச்சு வளர்த்தது), ஒண்ணும் கிடையாது. நானும் கேக்கல. செம வேகமா வளர்ந்துச்சு, ரெண்டு நாளைக்கு ஒருதடவ பிரிச்சு வேற ஃபிளாஸ்குக்கு மாத்தணும். அப்போ அது சந்தோஷமா இருந்துச்சு, அந்த வேகத்துலயே சந்தேகம் வந்திருக்கணும்.

ஒன்றரை வருஷம் வெஸ்டர்ன் பிளாட் (புரதத்தக் கண்டுபிடிக்கிற டெஸ்ட்), கான்ஃபோகல் மைக்ரோஸ்கோப் படம்னு எடுத்து பேப்பர் அனுப்பினா, ரிவ்யூவுக்கே போகாம திரும்பி வந்துச்சு. செல் லைன் (லேப்ல தொடர்ந்து வளர்த்துட்டே இருக்கிற ஒரே வகை செல்) எதுன்னு உறுதி பண்ண எஸ்டிஆர் ரிப்போர்ட்டும், மைக்கோபிளாஸ்மாங்கிற பாக்டீரியா கலந்திருக்கான்னு பாக்குற டெஸ்ட்டும் வேணுமாம். எஸ்டிஆர்ங்கிறது டிஎன்ஏல ஆளுக்கு ஆள் மாறுற ரிப்பீட் பகுதிகள எண்ணிப் பாக்குறது, செல்லுக்குக் கைரேகை எடுக்கிற மாதிரி. ரிப்போர்ட் பிரிச்சுப் பாத்தப்போ கை நடுங்கிடுச்சு. ஹீலா. 1951ல ஹென்றியட்டா லாக்ஸ்ங்கிற அம்மாவோட கருப்பை வாய்ப் புற்றுக்கட்டிலேருந்து எடுத்த செல். கல்லீரலே இல்ல!

இதுல இன்னும் எரியிறது என்னன்னா, இது புது விஷயமே இல்ல. ஹீலா எவ்வளவோ செல் லைனுக்குள்ள புகுந்து அதோட இடத்தையே புடிச்சிடுச்சுன்னு ஸ்டான்லி கார்ட்லர்ங்கிற மரபியல் விஞ்ஞானி 1966லயே சொல்லிட்டாரு. தப்பான பேர்ல சுத்துற செல் லைனுக்குன்னே ஐசிஎல்ஏசி-னு ஒரு குழு பட்டியல் போட்டு வெச்சிருக்கு, 500க்கு மேல இருக்கு, சாங் லிவரும் அதுல இருக்கு. அஞ்சு நிமிஷம் தேடியிருந்தா போதும். யாரு குடுத்தாலும், எவ்வளவு நம்பிக்கையான ஆளா இருந்தாலும், முதல்ல அந்தப் பட்டியல பாருங்க, அப்புறம்தான் மீடியம் (செல் வளர்ற சத்துத் திரவம்) ஊத்தணும்.

கைடு திட்டல, "மறுபடியும் ஆரம்பிக்கலாம்மா"னு மட்டும் சொன்னாங்க, அதுதான் அழ வெச்சுது. ஹெப்ஜி2ங்கிற கல்லீரல் செல் லைன் வாங்க முடிவு பண்ணோம், இந்த தடவ நேரா செல் பேங்க்லேருந்து. புது செல் லைன்னா பயோசேஃப்டி கமிட்டி அனுமதிக் கடிதத்துலயும் பேர் மாத்தணும், கமிட்டி கூடுறதோ மூணு மாசத்துக்கு ஒருதடவ. கடைசி நாள் ஃபைல எடுத்துட்டுப் போனா, கிளார்க் முதல் பக்கத்த மட்டும் பாத்துட்டு, ரெஜிஸ்ட்ரேஷன்ல இருக்கிற தலைப்பும் இந்த ஃபார்ம்ல இருக்கிற தலைப்பும் ஒண்ணா இல்லன்னு தள்ளி வெச்சுட்டாரு. "இன் விட்ரோ"ங்கிற ஒரு வார்த்தைதான் வித்தியாசம்! கைடு அன்னிக்கு ஊர்ல இல்ல, கையெழுத்து வாங்க முடியல, மூணு மாசம் அப்படியே போச்சு. தலைப்ப எழுத்துக்கு எழுத்து ரெஜிஸ்ட்ரேஷன் கடிதத்துலேருந்தே காப்பி பண்ணுங்க, தயவுசெஞ்சு.

அப்புறம் செல் வந்த பார்சல். வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஸ்டோர்ஸ்ல இறக்கிட்டுப் போயிருக்காங்க, யாரும் எனக்குச் சொல்லல. திங்கக்கிழமை போய் திறந்தா, செல் உருகாம இருக்க வெச்சிருந்த டிரை ஐஸ் ஒரு துண்டு கூட மிச்சமில்ல. டிரை ஐஸ் −78 டிகிரியில ஆவியாகிட்டே இருக்கிறது, ரெண்டு நாள் சும்மா கிடந்தா அவ்வளவுதான். 37 டிகிரி தண்ணியில உருக்கி பிளேட்ல போட்டு வளர்த்துப் பாத்தேன், ஒரு செல் கூட ஒட்டல. ரெண்டாவது தடவ, திங்கக்கிழமை அனுப்பினா மட்டும்தான் வாங்குவேன்னு எழுதிக் குடுத்தேன், நல்லபடியா வந்துச்சு.

வந்த உடனே பத்து சின்னக் குப்பியில ஃப்ரீஸ் பண்ணி −196 டிகிரி லிக்விட் நைட்ரஜன்ல போட்டுட்டேன், எஸ்டிஆர் எடுத்தேன், மாசத்துக்கு ஒருதடவ மைக்கோபிளாஸ்மா பிசிஆர். மைக்கோபிளாஸ்மாவுக்கு செல் சுவரே கிடையாது, அதனால பெனிசிலின் ஊத்தினா ஒண்ணும் ஆகாது. மைக்ரோஸ்கோப்ல வழக்கம்போல பாத்தா மீடியம் கலங்காம சுத்தமாத்தான் தெரியும். "கலங்கலயே, நல்லாத்தானே இருக்கு"னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

வைவால வெளியிலேருந்து வந்த எக்ஸாமினர் கேட்ட முதல் கேள்வியே "இது கல்லீரல் செல்தான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" எஸ்டிஆர் ரிப்போர்ட்ட எடுத்து வெச்சேன், கல்லீரல் செல் சுரக்கிற ஆல்புமின் புரதம் மீடியத்துல வந்தத காட்டுற வெஸ்டர்ன் பிளாட்ட அதுக்குப் பக்கத்துல வெச்சேன். ரெண்டையும் பாத்துட்டு தலையாட்டிட்டு அடுத்த பக்கம் திருப்பினாரு. கைடு என்னைப் பாத்து லேசா சிரிச்சாங்க.