மலையில வடியிற மூக்கு

கொழும்பில இருக்கிற மூக்குக்குப் பெரிசா வேலை இல்லை. வெள்ளவத்தைக் கடற்காத்து சூடும் ஈரமுமாய்த்தான் உள்ள போகுது. அதே மூக்கை ஜனவரியில நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால், நானுஓயாவில ரெயிலை விட்டு இறங்கினதுமே பைப்பைத் திறந்துவிட்ட மாதிரித்தான். தடிமனும் இல்லை, காய்ச்சலும் இல்லை. வெறும் தண்ணி.

மாமி இதை ஒத்துக்கொள்ளவே மாட்டா. "தலைக்குக் கட்டாமல் திரிஞ்சால் வேற என்ன நடக்கும்?" என்று பாம் போத்தலோட வந்து நிற்பா. நடக்கிறது வேற. குளிர்காத்து வறண்ட காத்து. அதைச் சூடாக்கி, ஈரமாக்கித்தான் மூக்கு நெஞ்சுக்கு அனுப்பவேணும். குளிர் பட்டதும் நரம்பு தூண்டி, தேவைக்கு மேலயே நீர் சுரக்குது. போதாக்குறைக்கு, வெளியில விடுற மூச்சில உள்ள நீராவியும் மூக்கு நுனிக் குளிரில தண்ணியாகிச் சேர்ந்துடும். அறைக்குள்ள வந்து ஒரு பிளேன்டீ குடிச்சு முடிய முதல் நிண்டுடும். தடிமன் அப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் போகாது.

ஹோட்டன் சமவெளியில இன்னும் மோசம். 2,100 மீற்றருக்கு மேல, காத்தும் சேர்ந்து அடிக்கும். வெயில் ஏறினபிறகு போகலாமே என்றால், அதுக்குள்ள 'உலக முடிவு' என்கிற மலைவிளிம்பை முகில் மூடிடும். விடியக்காலமே போகத்தான் வேணும். நடக்கத் தொடங்க முதல் வாசலில நிற்கிற ஆக்கள் பையைத் திறந்து, பொலித்தீன் இருந்தால் எடுத்துடுவினம். டிஷ்யூ பக்கற்றின்ர உறையும் அதோட போகும், நல்ல விஷயம்தான். ஆனால் உறையில்லாத டிஷ்யூ புகாரில நனைஞ்சு, பொக்கற்றுக்குள்ளயே கூழாகிடும். அதனால பருத்தி லேஞ்சிதான் என்ர கட்சி. பழசாய், பலதரம் தோய்ச்சு மெதுமையானதாய் இருக்கவேணும். இரண்டு பொக்கற்றிலயும் ஒவ்வொண்டு.

துடைக்கிறதை விட ஒத்தி எடுக்கிறது நல்லம். தேய்ச்சுத் தேய்ச்சு மூக்குக்குக் கீழ தோல் உரிஞ்சால், மாமியின்ர பாம் அதில பட்டவுடன் கண்ணாலயும் ஓடத் தொடங்கும். வெளிக்கிட முதலே கொஞ்சம் வஸலின் பூசிவிட்டால் அந்தப் பாடு இல்லை. எல்லாத்தையும் விட உதவினது மப்ளர்: மூக்கை மூடிச் சுத்தினால் நம்மட மூச்சின்ர சூடும் ஈரமுமே திரும்ப உள்ள போகும், மூக்குக்கு வேலை குறையும். உட்பக்கம் நனைஞ்சதும் மடிப்பை மாத்தவேணும், அவ்வளவுதான். சீறவேணும் என்றால் ஒரு பக்கத்தைப் பொத்தி, மெதுவாய், மற்றப் பக்கத்தால.

மூக்கடைப்புக்கு விடுற சொட்டு மருந்தை இதுக்கு விடப் போகாதேங்கோ. அது அடைப்புக்கு, அதுவும் சில நாளைக்குத்தான். தொடர்ந்து விட்டால் அந்த மருந்தாலயே மூக்கு அடைக்கத் தொடங்கும். குளிரில ஓடுற மூக்கைக் கட்டுப்படுத்த வேற ஸ்பிறே இருக்கு. மலையிலயே வேலை செய்யிற ஆக்கள் டொக்டரிட்டக் கேட்கலாம். இரண்டு நாள் சுற்றுலாவுக்கு அதெல்லாம் எதுக்கு?

மகனுக்கு லேஞ்சியும் தேவையில்லை, மப்ளரும் தேவையில்லை. ஜக்கெட்டின்ர கை போதும். தோய்க்கிறது நான்தானே.