அழிச்ச நாலு வரி

நேற்று நாலு வரி எழுதிப்போட்டு நானே அழிச்சிட்டன். அம்மா தேங்காய் திருவிக்கொண்டே கேக்கிறா: "தம்பி, திரும்பவும் பேஸ்புக்கில ஏதும் கிறுக்கினியோ?"

2022 ஏப்ரல் 3, இலங்கையில ஊரடங்கு. பேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாம் முடக்கம். பக்கத்து வீட்டு அங்கிளுக்கும் நான்தான் வீபீஎன் (தடையைச் சுத்திப் போற செயலி) போட்டுக் குடுத்தன். அமைச்சராயிருந்த நாமல் ராஜபக்சவே வீபீஎன்னால வந்து, இந்தத் தடையால பிரயோசனமில்லை எண்டு ட்வீட் போட்டவர்! சிரிப்புத்தான் வந்தது. அண்டைக்கே தடையையும் எடுத்திட்டினம்.

2024இல வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம், இணையத்தில பொய் போட்டால் பிடிக்கிற சட்டம், வேற மாதிரி. எது பொய் எண்டு பார்க்க ஐந்து பேர் ஆணைக்குழு, மேல சிறைத்தண்டனை. இதுக்கு வீபீஎன் இல்லை. முடக்கிறது எங்கட விரலே.

அழிச்சது என்னெண்டோ? மழைக்குக் கொழும்பு வெள்ளவத்தையில எங்கட ஒழுங்கை வாய்க்கால் நிரம்பிற கதை.