அரை மில்லிமீட்டர் வேலை

ஈக்வடார் கரைக்கு மேற்கே ஏறத்தாழ 1000 கி.மீ. தள்ளிக் கிடக்கும் காலாபகோஸ் தீவுகள் அனைத்தும் எரிமலை கக்கிய பாறை. அவற்றுள் டாஃப்னே மேஜர் ஒரு குட்டித் தீவு: பரப்பு 0.34 சதுர கி.மீ., உயரம் சுமார் 120 மீட்டர். உயிரியலாளர்களான பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் இணையர் 1973 முதல் நாற்பது ஆண்டுகள் இங்கேதான் ஃபிஞ்ச் குருவிகளை அளந்தார்கள். பரிணாமம் கண்ணெதிரே நடந்த தீவு என்று இதைச் சொல்வதுண்டு. உண்மையில் வெறுங்கண்ணுக்கு அங்கே எதுவும் புலப்படாது. மாறியது அலகின் தடிமனில் அரை மில்லிமீட்டர் அளவு. ஆகவே இந்தப் பணியின் கதி முழுக்க அளக்கிற கையைப் பொறுத்தது.

தீவில் படகுத்துறை கிடையாது. அலை படகைத் தூக்கும் கணம் பார்த்துப் பாறைத் திட்டில் கால் வைத்து ஏற வேண்டும். நன்னீர் ஒரு சொட்டும் இல்லை என்பதால் குடிநீர்க் கேன், உணவு, கூடாரம் எல்லாம் அதே திட்டில் கைமாற்றித்தான் மேலே போகும். அதற்கும் முன்னால் தேசியப் பூங்காவின் அனுமதியும் பொருள் சோதனையும் உண்டு. காலணியின் அடித்தடத்தில் சிக்கிய விதை, அட்டைப் பெட்டி மடிப்பில் பதுங்கிய எறும்பு, இவை இரண்டுமே இப்படிப்பட்ட தீவுகளின் முதல் எதிரிகள். காலுறையைத் திருப்பிப் போட்டுப் பார்க்கச் சோம்பல்படுபவர் இந்த வேலைக்கு வரக் கூடாது.

குருவி பிடிக்க, மிஸ்ட் நெட் எனப்படும் மெல்லிய நைலான் வலையை விடியலில் விரித்து, வெயில் ஏறுமுன் சுருட்டிவிட வேண்டும். பாறை சுடத் தொடங்கிவிட்டால் வலையில் தொங்கும் பறவை வெகு சீக்கிரம் துவண்டுவிடும். பறவை வலையின் எந்தப் பக்கமிருந்து வந்து விழுந்ததோ அந்தப் பக்கமாகவே எடுக்க வேண்டும். பெரும்பாலும் முதலில் கால்களை விடுவித்தால் இறகும் தலையும் தானாக வழிவிடும். இழுத்தால் கால் எலும்பு ஒடியும்.

பிறகு அளவு. எடை, சிறகு நீளம், கணுக்கால் எலும்பின் நீளம், அலகின் நீளம், அகலம், தடிமன். தடிமனை மூக்குத்துளையின் முன்விளிம்பு வழியாக, அலகு முழுதாக மூடியிருக்கும்போது, செங்குத்தாக எடுக்க வேண்டும். தப்பு நேர்வது இங்கேதான். அலகிடுக்கில் ஒரு விதைத் தோல் சிக்கியிருந்தாலே அளவு கூடிவிடும். தேடிக்கொண்டிருக்கும் அரை மில்லிமீட்டர் அந்தத் தோலாகவே இருந்துவிடலாம். காலிப்பர் எனப்படும் கவ்வி அளக்கும் கருவியைச் சாய்த்துப் பிடித்தாலும் கூடும், அழுத்திப் பிடித்தால் குறையும். ஒருவர் கை மற்றவர் கையோடு ஒத்துப்போகாது. அதனால் ஒரே ஆள் தொடர்ந்து அளப்பது நல்லது. ஆள் மாறினால் இருவரும் ஒரே பறவைகளை அளந்து வேறுபாட்டைக் கணக்கிட்டு வைக்க வேண்டும். மறுபடி சிக்கும் பறவையின் பழைய அளவைப் பார்க்காமலே புது அளவை எழுத வேண்டும். பார்த்துவிட்டால் கை தன்னையறியாமல் பழைய எண்ணை நோக்கி நகரும்.

அலகின் நீளத்தை மட்டும் நம்பி எதையும் முடிவு கட்டக் கூடாது. கடினமான விதைகளை உடைத்துடைத்து வறட்காலத்தில் நுனி தேயும். மழைக்குப் பின் வளரும். தடிமன் அவ்வளவு தேய்வதில்லை.

காலில் எண் பொறித்த உலோக வளையம் ஒன்று, வண்ணப் பிளாஸ்டிக் வளையங்கள் மூன்று. வண்ணங்களின் வரிசையே எண்ணைச் சொல்லும். தொலைநோக்கியில் பார்த்து, மறுபடி பிடிக்காமலே ஆளை அடையாளம் காணலாம். குஞ்சுகளுக்குக் கூட்டில் எட்டாம் நாள் வாக்கில் போட்டுவிடுவார்கள். வெயிலில் பிளாஸ்டிக் வெளுக்கும் என்பதால் ஐயமான வண்ணத்தை ஊகித்து எழுதாமல் விட்டுவிடுவதே நேர்மை.

பறவையை மட்டும் அளந்தால் பாதி வேலைதான். ஒரு சதுர மீட்டர் கட்டங்களில் தரையிலுள்ள விதைகளை எண்ணி, அளவும் கடினமும் குறிக்க வேண்டும். இது சலிப்பூட்டும் வேலை, ஆனால் இது இல்லாமல் பறவை அளவுகளுக்குப் பொருளே இல்லை. 1977இல் மழைக்காலம் முழுவதும் பெய்தது 24 மி.மீ. மட்டுமே. சிறிய விதைகள் முதலில் தீர்ந்தன. மிஞ்சியவற்றில் முக்கியமானது நெருஞ்சி. நம் ஊர்க் கரம்பில் காலைக் குத்தும் அதே பேரினம், கொஞ்சம் பெரிய வகை. அந்த முள்காயை நெரித்து உள்ளே இருக்கும் பருப்பை எடுக்கத் தடித்த அலகு வேண்டும். நடுத்தரத் தரை ஃபிஞ்ச் என்ற இனத்தில் ஏறத்தாழ 85 சதவீதம் மாண்டன. பிழைத்தவற்றின் சராசரி அலகு தடித்திருந்தது. பெற்றோரின் அலகுத் தடிமன் பெரும்பாலும் அப்படியே குஞ்சுக்கு இறங்குவதால் அடுத்த தலைமுறையிலும் அது தெரிந்தது. எந்தக் குருவியும் வளர்ந்தபின் தன் அலகைத் தடிப்பாக்கிக்கொள்ளவில்லை. மெல்லிய அலகுள்ளவை செத்தன, அவ்வளவுதான். பாறையிடுக்கில் காய்ந்து கிடக்கும் உடலின் கால் வளையத்தை எடுத்து எண் குறிப்பது உயிருள்ளதை அளப்பதற்கு இணையான வேலை என்பது இதனால்தான். பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோவால் 1983இல் 1359 மி.மீ. மழை கொட்டியபின் சிறு விதைகள் பெருகின. அதை அடுத்து வந்த வறட்சியில் சிறிய அலகுக்காரர்கள் முந்தினார்கள்.

காலாபகோஸ் கரைகளில் வாழும் பெரிய பல்லியான கடல் இகுவானாவின் கதை வேறு. பெரிய உடலுள்ளவை கடலில் முங்கிப் பாசி மேயும். சிறியவை வற்றுக்கடல் நேரத்தில் கரைப்பாறையிலேயே மேயும். விழுங்கிய உப்பை மூக்கு வழியாகப் பீய்ச்சும். இதை மூக்கு நுனியிலிருந்து கழிவுவாய் வரை உடலை நேராக நீட்டி அளக்க வேண்டும். வாலைச் சேர்க்கக் கூடாது, அறுந்திருக்கலாம். விலங்கு முறுக்கிக்கொண்டால் அளவு குறையும். எல் நினோவில் கடல் சூடாகி, செரிக்கும் பாசிகள் அழிந்து செரிக்காதவை முளைத்த காலங்களில், வளர்ந்த இகுவானாக்கள் முந்தைய அளவைவிடக் குட்டையாகப் பதிவாயின. முதுகெலும்புள்ள விலங்கு வளர்ந்தபின் குட்டையாகாது என்பது பாடநூல் அறிவு; ஆகவே பிழை என்று அடித்துவிடுவதே எளிது. ஆனால் அந்த எண்களை அடிக்காமல் வைத்திருந்ததால்தான் மார்ட்டின் விகெல்ஸ்கியும் கொரின்னா தோமும் 2000இல் எழுத முடிந்தது: ஈராண்டில் உடல் நீளம் 20 சதவீதம் வரை சுருங்கியிருக்கிறது. உடல் நீளத்தில் குருத்தெலும்பும் இணைப்புத் திசுவும் ஏறத்தாழ 10 சதவீதமே. அவை மட்டும் சுருங்கி இவ்வளவு வராது. எலும்பும் கரைந்திருக்க வேண்டும். அதிகம் சுருங்கியவை அதிக காலம் பிழைத்தன. பாசி திரும்பியதும் அதே விலங்குகள் மறுபடி நீண்டன.